நாலாவது மாடி அட்மிஷன்

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். சாப்பாட்டு மேஜையில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள். எதிரே வக்கீல்.

வக்கீல் என் மகள். வயது பதின்மூன்று. சட்டம் படித்தவள் அல்ல. பிறக்கும்போதே அப்படித்தான் வந்தாள். பல் துலக்கச் சொன்னால், எந்த விதியின் கீழ் என்று கேட்காத குறை. எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஒன்பதுக்கு உயர்நிலைப் பள்ளி பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கப் பள்ளிதான். நடக்கும் தூரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி. மற்றது ஃபாதர்கள் நடத்துவது, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது.

நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் நான் எழுந்து நின்றால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. ஃபேனைக் குறைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"கன்னியர் பள்ளி," என்றேன். "முடிவு பண்ணிட்டேன். இதுல மாத்தமே இல்ல."

கல்யாணமான பதினாறு வருடங்களில் நான் தனியாக எடுத்த முடிவுகள் இரண்டு. ஒன்று, ஒரு குடை. முதல் மழையிலேயே அது வானத்தைப் பார்த்து விரிந்துகொண்டது. இன்னொன்று, என் மனைவியைக் கல்யாணம் செய்துகொண்டது என்று நம்பியிருந்தேன். பிறகு விசாரித்ததில் அதையும் அவள்தான் எடுத்திருந்தாள்.

ஆகவே மூன்றாவது முடிவில் உறுதியாக இருந்தேன். காரணமும் இருந்தது. கன்னியர் பள்ளியில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மௌன நேரம். எண்ணூறு பெண்கள் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். வாரம் ஐந்து நாள் பழகினால், மிச்சம் மீதி கொஞ்சமாவது சனி ஞாயிறில் வீட்டுக்கு வராதா?

வக்கீலுக்கு வேண்டியது ஃபாதர் பள்ளி. அங்கே பேச்சுக் குழு இருக்கிறது. வாரம் மூன்று நாள், பள்ளி முடிந்த பிறகும் நின்று வாதாடலாம்.

"மௌன நேரத்துல தீப்பிடிச்சா என்னப்பா பண்ணணும்?"

"கையைத் தூக்கணும்."

"சிஸ்டர் பார்க்கலைன்னா?"

"பார்க்கற வரைக்கும் தூக்கியே வச்சிருக்கணும்."

"எரிஞ்சுக்கிட்டேவா?"

"ஏம்மா, இவகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் பிசியோதெரபிஸ்ட். முழங்கால், தோள், இடுப்பு என்று ஊரில் பிடித்துக்கொண்டதையெல்லாம் பயிற்சி கொடுத்து நிமிர்த்துபவள். எங்கே அழுத்தினால் எது அசையும் என்று தெரிந்தவள்.

"அப்பா சொல்றது சரி," என்றாள். "கன்னியர் பள்ளிக்கே போடுங்க."

வக்கீலின் முகம் மாறியது. "அங்க என்னைப் பேசவே விட மாட்டாங்கம்மா," என்றாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நாலு வருடம் அங்கேதான் இருக்கப் போகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எனக்கும் ஒரு கணம் மற்ற படிவத்தின் பக்கம் கை போனது. இழுத்துக்கொண்டேன். உறுதி என்றால் உறுதி.

"நீ சும்மா இரு," என்றாள் மனைவி. "வீட்டுக்குத் தலைவர் யாரு, அப்பாதானே? என்னங்க, படிவத்தை நீங்களே நிரப்புங்க. நேர்காணலுக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்கே வர மாட்டேன்."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

படிவத்தோடு ஞானஸ்நானச் சான்றிதழும் எங்கள் வட்டாரக் கோயிலின் பங்குச் சாமியாரின் கடிதமும் வைக்க வேண்டும். சான்றிதழ் பெட்டியில் இருந்தது. கடிதத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கோயிலின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்தபோது முழந்தாளிட்டேன். முழந்தாளிட்டபோது எழுந்தேன். பாட்டை மட்டும் எல்லோருக்கும் முன்னாலேயே முடித்தேன். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரைப் போய்ப் பார்த்தேன்.

"தோத்திரம் சாமி."

"வாங்க, வாங்க. பங்குக்குப் புதுசா?"

"பதினாறு வருஷமா இங்கதான் சாமி இருக்கேன். எங்க கல்யாணத்தை நீங்கதான் நடத்தி வச்சீங்க."

"அப்படியா. அந்தக் கோபத்துலதான் வரலையா?"

கடிதம் கொடுத்தார். பொய் எழுதாத மனிதர். 'இவருடைய மனைவியும் மகளும் வாரந்தவறாமல் கோயிலுக்கு வருபவர்கள். இவர் தற்போது வருகிறார்' என்று எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் லிஃப்ட் ஆய்வாளர். ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு. ஏறுவது கட்டடங்களில், இறங்கிப் போவது வீட்டில்.

இந்தத் தொழிலால் எனக்கு ஒரு வியாதி. லிஃப்டுக்குள் கால் வைத்தால் காது விழித்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் மண்டபத்து லிஃப்டை நான் பூட்டி முத்திரை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் மூன்று மாடி படியேறி வந்து, பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் கேட்டார்கள். எனக்கு ஒரு கொள்கையும் உண்டு. முத்திரை வைத்த கட்டடத்தில், பழுது நீங்கி மறு ஆய்வு முடியும்வரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். துறையின் விதியும் அதுதான். இதை வீட்டில் வாரம் ஒருமுறையாவது சொல்வேன். யாரும் காதில் வாங்குவதில்லை என்று நினைத்திருந்தேன்.

நேர்காணல் நாள் வந்தது. என் சட்டைக்கு மனைவியே இஸ்திரி போட்டாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் ரூம் நாலாவது மாடி. படியேறாதீங்க. வேர்த்து வழிஞ்சுக்கிட்டு அவங்க முன்னாடி போய் நின்னா நல்லாவா இருக்கும்? லிஃப்ட் இருக்கு."

"சரி."

"உங்க ஆபீஸ் அடையாள அட்டையை பாக்கெட்ல வச்சிருக்கேன். கேட்ல கேட்டாலும் கேப்பாங்க."

"என் டார்ச்?"

"அதுவும் வச்சிருக்கேன். கரண்ட் போனா வேணுமே."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

பள்ளியில் இருந்தது பழைய லிஃப்ட். இழுத்து மூடும் கம்பிக் கதவு. வக்கீல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். நான் பொத்தானை அழுத்தினேன். இரண்டாம் மாடி தாண்டும்போது பெட்டி ஒரு விக்கல் விக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று காது சொன்னது.

"அப்பா, கதவு சரியா மூடவே இல்ல. அப்படியே ஏறுதே. ஏறலாமா?"

"நாம அட்மிஷனுக்கு வந்திருக்கோம்."

"நான் கேட்டது அது இல்லப்பா."

நாலாவது மாடியில் லிஃப்ட் தரைக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு லிஃப்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது அதுவே முதல் தடவை.

மதருக்கு எழுபது வயது இருக்கும். ஒரு காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் கைத்தடி.

"இந்தப் பள்ளிக்கு வர ஏன் ஆசைப்படறேம்மா?"

"நான் ஆசைப்படலை மதர். அப்பாதான் ஆசைப்படறார்," என்றாள் வக்கீல்.

"அப்போ அப்பாவைத்தான் சேர்க்கணுமோ?"

மதர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். பிறகு சாமியாரின் கடிதத்தைப் படித்தார். 'தற்போது' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். மதிப்பெண் தாளைப் பார்த்தார். "நல்ல பொண்ணு. உண்மையைப் பேசறா. இடம் தந்துடலாம்," என்றார். பேனா மூடியைக் கழற்றினார்.

ஜெயித்துவிட்டேன். மனதுக்குள் குடையை விரித்துப் பிடித்தேன்.

அப்போது மதியச் செபத்துக்கு மணி அடித்தது. மதர் பேனாவை மூடிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்தார். "வாங்க, சேர்ந்தே இறங்கலாம். ஆபீஸ்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வராந்தாவில் லிஃப்ட் அதே நாலு விரற்கடை பள்ளத்தில் காத்திருந்தது. ஒரு சிஸ்டர் கம்பிக் கதவை இழுத்தார். மதர் தடியை உள்ளே ஊன்றினார். வலிக்கிற காலைத் தூக்கினார். அந்தக் கால் வைக்க இடம் தேடி அந்தரத்தில் நின்றது. பெட்டி கதவு திறந்தபடியே லேசாக மேலே அசைந்தது.

"மதர், நில்லுங்க."

என் குரல்தான். நான் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கை அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அடுத்த இருபது நிமிடம் நான் அப்பா இல்லை, அதிகாரி. மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரேக் கட்டை பிஸ்கட் மாதிரி மெலிந்திருந்தது. கதவு மூடாவிட்டால் லிஃப்டை நகரவிடாமல் தடுக்கும் சுவிட்சை, எந்தப் புண்ணியவானோ கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தான். மெயினை அணைத்தேன். முத்திரை வைத்தேன். நோட்டீஸ் எழுதி மதரிடம் கொடுத்தேன்.

"தண்ணி குடிக்கிறீங்களா? வேர்த்துப் போச்சே," என்றார் மதர்.

அப்போதுதான் எனக்குக் கொள்கை ஞாபகம் வந்தது.

"வேண்டாம் மதர். அட்மிஷன் சீட்டுலயும் கையெழுத்துப் போடாதீங்க. மறு ஆய்வு முடியற வரைக்கும் இந்தக் கட்டடத்துல நான் எதையும் வாங்கிக்கக் கூடாது."

"மறு ஆய்வுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"மோட்டார் முதல் கதவு வரை புதுசா போடணும். மூணு மாசம்."

"அட்மிஷன் இந்த மாசத்தோட முடியுதே."

"முடியுது மதர்."

"வேற அதிகாரி யாராவது வந்து பார்த்தா?"

"போன மாசத்துலேருந்து இந்த வட்டாரத்துக்கு நான் ஒருத்தன்தான்."

வக்கீல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பள்ளியின் மௌனம் அவளிடம் வேலை செய்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

மதர் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நாலு மாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. இரண்டாம் மாடியில் நின்றார்.

"உங்க வீட்டம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு."

"என் மனைவியை உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு மாசமா என் முழங்காலைப் பார்க்கறவங்களாச்சே. லிஃப்ட்ல ஏற பயமா இருக்கும்மா, ரிப்பேர்காரர் ஒண்ணும் இல்லேங்கறார்னு போன வாரம் சொன்னேன். கவலைப்படாதீங்க மதர், எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன், பார்த்தா விட மாட்டார்னாங்க."

"அவ்வளவுதான் சொன்னாளா?"

"கையில ஒரு விண்ணப்பம் வச்சிருப்பார், அதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம்னாங்க. அது அப்போ எனக்குப் புரியலை. நீங்க என்னை நிறுத்தினப்பதான் அவர் நீங்கன்னே தெரிஞ்சுது."

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஃபாதர் பள்ளியின் படிவம். வரி தவறாமல் நிரப்பியிருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்பினியா?"

"நான் என்ன பண்ணேன்? லிஃப்ட்ல போங்கன்னு சொன்னேன். காதைப் பொத்திக்கிட்டு வந்திருந்தா இடம் கிடைச்சிருக்கும். முடிவு எடுத்தது நீங்கதான்."

"அதுல அந்த அம்மா விழுந்திருந்தா?"

"நீங்க பக்கத்துல நிக்கும்போது எப்படிங்க விழுவாங்க?"

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பேனா என் கைக்கு வந்துவிட்டது. தந்தையின் கையொப்பம் என்ற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தாள், நான் தேட வேண்டாம் என்று.

"அப்பா, படிச்சுப் பார்த்துட்டுப் போடு," என்றாள் வக்கீல்.

படிக்காமலே போட்டேன்.

ஜூன் மூன்றாம் தேதி வக்கீல் ஃபாதர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி மறு ஆய்வு முடிந்து, கன்னியர் பள்ளியின் புது லிஃப்டுக்கு நான் சான்று கொடுத்தேன். ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தவள் என் மனைவி. கத்திரிக்கோல் தட்டைப் பிடித்திருந்தது நான்.