சிஸ்டர் பக்கத்துப் பெடல்

வண்டி இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல், அதைத் தாண்டி மூக்குக்கண்ணாடிக் கடை முன்னால்தான் போய் நின்றது.

"நாளையிலேர்ந்து நான் பஸ்லயே போயிக்கறேங்க," என்றாள் நர்ஸ், கதவைத் திறந்துகொண்டே. "வார்டுல நடக்கறதுக்கே கால் பத்தல. இதுல தினமும் கண்ணாடிக் கடையிலேர்ந்து திரும்பி வேற நடக்கணுமா?"

ஓட்டி வந்த அவள் புருஷன் ஒரு ஹெட்கிளார்க். அவளுக்கு ஷிஃப்ட், அவருக்கு ஃபைல். வீட்டுக்கு வந்தால் அம்மா, டிவி, இரண்டு பிள்ளைகள். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேசுவது காலையில் அந்தக் காருக்குள் கிடைக்கும் நாற்பது நிமிஷம்தான். மனுஷர் சட்டைக்கு இஸ்திரி போடுவதே அதற்காகத்தான் என்று தெருவில் பேச்சு. தெரு பொய் சொல்லாது. கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான்.

நேரே மெக்கானிக்கிடம் ஓடினார்.

"பிரேக் பேடெல்லாம் தேஞ்சு தகடாயிடுச்சு சார். இத்தனை நாள் எப்படி நிறுத்தினீங்க?"

"எழுந்து நின்னு மிதிப்பேன்ப்பா."

புதுப் பேட் போட்டார்கள். வண்டி நின்றது. ஆனால் நிற்கும்போதெல்லாம் வாலில் மிதிபட்ட பூனை மாதிரி கத்தியது. சிக்னலில் நின்றால் ஊரே திரும்பிப் பார்த்தது.

"உங்க வண்டி கத்தினாத்தான் எங்க வீட்டுக்காரர் படுக்கையை விட்டு எழுந்திருக்கறார். நல்லா இருப்பீங்க!" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

காருக்குள்ளே நர்ஸ் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தாலும் கேட்டிருக்காது.

மறுபடி மெக்கானிக். இந்தத் தடவை பழைய ஆயிலை எடுத்து, குழாயில் ஏறியிருந்த காற்றை எடுத்து, பேடையும் மாற்றி, மிதியை லேசாக்கும் புது பூஸ்டரும் போட்டான். "இனிமே விரலால தொட்டா போதும் சார், பூ மாதிரி நிக்கும்."

விரலால் தொட யாருக்குத் தெரியும்? அஞ்சு வருஷமாக உடம்பு பாரம் முழுவதையும் இறக்கி மிதித்துப் பழகிய கால் அது. முதல் திருப்பத்தில் பழையபடி மிதித்தார். நர்ஸின் மதியச் சாப்பாட்டை முன்பக்கக் கண்ணாடி சாப்பிட்டது.

"பழைய பிரேக்கே தேவலைங்க," என்றாள் மடியைத் துடைத்தபடி. "அது நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துக் கொண்டு போச்சு. இது என்னை மட்டும் முன்னாடி அனுப்புது."

அப்போதுதான் அவர் அவள் காலைக் கவனித்தார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தரையை மிதிப்பது அவள் வழக்கம். இல்லாத பிரேக்கைத்தானே மிதிக்கிறாள், இருந்துவிட்டுத்தான் போகட்டுமே! டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் வாத்தியார் பக்கம் ஒரு பெடல் இருக்குமே, அதே மாதிரி ஒன்றை வாங்கி அவள் பக்கம் வைத்து, தன் பெடலோடு கம்பி போட்டு இணைக்கச் சொன்னார்.

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

எல்லாம் தெருமுனை வரைதான். நாய்க்கு மிதித்தாள். நாயின் நிழலுக்கு மிதித்தாள். சுவரொட்டியில் சிரித்த வேட்பாளர் குறுக்கே வருவார் போலத் தோன்ற, அவருக்கும் மிதித்தாள். பின்னால் வந்தவர்கள் ஹெட்கிளார்க்கின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்கள். நாற்பது நிமிஷம் எழுபதானது. ஆனால் அதில் இரண்டே வசனம்.

"ஏன் மிதிச்சே?"

"நீங்க ஏன் மிதிக்கல?"

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் பட்டறைக்குத் திருடன் மாதிரி போனார்.

"அந்தக் கம்பியை மட்டும் கழட்டிடுப்பா. பெடல் அப்படியே இருக்கட்டும். சிஸ்டர்கிட்ட மூச்சு விடாதே."

"பாவம் சார் அவங்க."

"நான்தான்டா பாவம். கழட்டு!"

மறுநாள் தெருமுனையில் மாடு வந்தது. நர்ஸ் மிதித்தாள். வண்டி நின்றால்தானே? அவள் குனிந்து பெடலைப் பார்த்தாள். ஹெட்கிளார்க் சட்டென்று தன் பெடலை மிதித்தார். வண்டி நின்றது. அன்றிலிருந்து ஒரு கண் சாலையில், ஓரக்கண் அவள் செருப்பில். அவள் கால் அசைந்தால் இவர் கால் மெல்ல இறங்கும். குட்டு வெளிப்படக் கூடாதே!

ஒரு மாதத்தில் அந்த முரட்டுக் கால் பதமாகிவிட்டது. வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. அவள் வார்டுக் கதை சொன்னாள், அவர் ஆபீஸ் கதை சொன்னார், சிரித்துக்கொண்டே போனார்கள். தையல்காரி பார்த்தாள், தெருவுக்கே சேதி போக அது போதாதா?

"இந்தப் பெடல் வந்த பிறகுதாங்க எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது," என்பாள் நர்ஸ் தினமும். "நீங்க நல்லா இருக்கணும்."

அந்த வாழ்த்து அவருக்கு முள்ளாகக் குத்தியது. பஸ்ஸில் போகாமல் தன் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றியும் சொல்கிற பெண்ணை ஏமாற்றுவதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனார்.

"மனசு கேக்கலப்பா. கம்பியை மாட்டிடு. எழுபது நிமிஷமானாலும் பரவால்ல."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"கம்பி கழட்டின ரெண்டாம் நாளே சிஸ்டர் குனிஞ்சு பார்த்துட்டு இங்க வந்தாங்க சார். மாட்டித் தரட்டுமான்னு கேட்டேன். 'வேணாம் தம்பி, கம்பி இருந்தப்ப வண்டிதான் நின்னுச்சு. இப்ப நான் காலை அசைச்சா அவரே நிக்கிறாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க!"