குரலரசருக்குத் தொண்டை கட்டிய நாள்

காலை ஆறரை மணிக்கு, துண்டு எங்கே என்று மனைவியைக் கேட்க வாய் திறந்தபோது, குரலரசரின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றார். சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம்.

கோளரங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வானத்தை வர்ணிப்பவர் அவர். குரலரசர் என்ற பட்டம் அவரே தமக்குச் சூட்டிக்கொண்டது, மற்றவர்கள் மறுக்கவில்லை. அன்று மாலை நான்கு மணிக் காட்சிக்கு மேலதிகாரிகள் குழு ஒன்று வருகிறது. ஓய்வு வயதைத் தொட்டுவிட்ட அவருக்குப் பணி நீட்டிப்பு தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அது முடிவு செய்யும். அதற்காக மூன்று நாள் குளியலறையில் உரக்க ஒத்திகை பார்த்ததன் பலன் இது.

"ஒரு நாளாவது வீடு வீடா இருக்கட்டும்," என்றாள் மனைவி.

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'நான் பேசாவிட்டால் வானம் ஊமை.'

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியும் அது அங்கதாங்க இருந்துச்சு."

மருந்துக்கடைக்காரர் தொண்டையில் ஏதோ பீய்ச்சினார். வலி போயிற்று, கூடவே நாக்கும் மரத்துப்போயிற்று. அது தெளிய வெந்நீர் குடிக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். நண்பகலிலிருந்து பதினோரு குவளை குடித்தார். குரல் வரவில்லை. வேறொன்று வரத் தொடங்கியது.

மூன்று ஐம்பதுக்கு, டிக்கெட் கொடுக்கும் பெண்ணை வர்ணனை அறைக்குள் இழுத்து வந்தார்.

"ஐயோ சார், மைக்கைப் பார்த்தாலே எனக்குக் கை உதறும்!"

'என் குறிப்பை அப்படியே வாசித்தால் போதும்' என்று எழுதிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடி போட்ட அறை அது. வெளிச் சத்தம் உள்ளே வராது.

அரங்கில் விளக்குகள் அணைந்தன. குவிமாடத்தில் முதலில் ஒரே ஒரு நட்சத்திரம் தோன்றியது. பிறகு பத்து. பிறகு, எண்ணலாம் என்ற நினைப்பே கூச்சம் தரும் அளவுக்கு. கண்ணாடிக்கு அப்பால் முந்நூறு முகங்கள் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தன. தினமும் பார்க்கும் டிக்கெட் பெண்ணுக்கே ஒரு கணம் உதறல் நின்றது. குரலரசர் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவர் தம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தொடங்கினாள். "அன்பர்களே. இங்கே இரண்டு நொடி நிறுத்தவும். கூட்டம் மூச்சு விடட்டும்."

குரலரசர் தலையில் அடித்துக்கொண்டார். அதையெல்லாம் வாசிக்காதே என்று கையை ஆட்டினார். இன்னும் உரக்க வாசிக்கச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"இதுதான் சனிக் கோள்! இங்கே என் குரல் லேசாகத் தழுதழுக்க வேண்டும்!"

மேலே அப்போது வியாழன் மிதந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் அவள் பக்கங்களை இரண்டிரண்டாகப் புரட்டியிருந்தாள். பறித்துத் திருத்தலாம் என்று அவர் எழுந்தார். பதினோரு குவளையும் கூடவே எழுந்தன. அறையின் பின்கதவு வழியே கழிப்பறைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது அவள் முழங்கிக்கொண்டிருந்தாள்: "இந்தப் பேரண்டத்தில் நாமெல்லாம் ஒரு தூசு. இந்த வரி என் சொந்தக் கற்பனை. இங்கே கைதட்டல் வரும். அடக்கமாகத் தலையசைக்கவும்."

மைக்கைப் பிடுங்கி, மானத்தைக் காப்பாற்ற ஒரு வாக்கியமாவது சொல்ல முயன்றார். கட்டிய தொண்டையும் மரத்த நாக்கும் சேர்ந்து ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒன்றை வெளியிட்டன. விளக்குகள் எரிந்தன. காட்சி முடிந்தது.

எல்லாம் போயிற்று என்று வெளியே வந்தார். வாசலில் ஒரு முதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிலர் வெளியே வந்த பிறகும் கூரையையே அண்ணாந்து பார்த்தார்கள். சிரித்தே அறியாதவர் என்று பெயரெடுத்த குழுத் தலைவி அவர் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"என்ன குரல் சார்! உங்களுக்கு அறுபதுன்னா யாராவது நம்புவாங்களா? நாமெல்லாம் தூசுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. இன்னும் மூணு வருஷத்துக்கு நீங்கதான்."

குரலரசர் அசையாமல் நின்றார். தொண்டையே இல்லாத ஒரு நாளிலும் முந்நூறு பேரை உலுக்கிவிட்ட தம் குரலை நினைத்தபோது, அவருக்கே அவர்மேல் ஒரு பயபக்தி வந்தது. அடக்கமாகத் தலையசைத்தார்.

உள்ளே, டிக்கெட் பெண் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். புரொஜக்டர் ஆபரேட்டர் கருவிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தழுதழுக்கணும், தலையசைக்கணும்னு எல்லாத்தையும் ஊரே கேக்க வாசிச்சுட்டேனே! என் வேலை போயிடுமா?"

"பயப்படாதம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் புது மெஷின் வந்தப்பவே வர்ணனையும் அதுக்குள்ளயே பதிஞ்சு வந்துடுச்சு. பாவம், மனசு நோகுமேன்னு அவரோட மைக்கை மட்டும் கழட்டாம, இணைப்பு கொடுக்காம, சும்மா விட்டு வச்சிருக்கோம்."