இரும்புச் செவி ஃப்ளாய்டும் முனகும் தண்டும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கண்காட்சி மைதானத்தில் அறுபத்திரண்டு கார்கள் வரிசையில் நின்றன. எண்ணித்தான் சொல்கிறேன்; அறுபத்துமூன்றாவது கார் என்னுடையது. எல்லாக் கார்களுக்கும் நோய் ஒன்றுதான்: பின்பக்கம் முனகுகிறது. வைத்தியரும் ஒருவர்தான்: இரும்புச் செவி ஃப்ளாய்ட்.

எங்கள் ஒஹாயோ பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் வாங்கிய கார் வாங்கியபடியே ஓடினால் எங்களுக்குச் சோறு இறங்காது. ஞாயிறுதோறும் இந்த மைதானத்தில் கூம்புகளை வைத்து, அவற்றுக்கிடையே வளைத்து வளைத்து ஓட்டி நேரம் பார்ப்போம். வளைவில் கார் சாயக் கூடாது. அதற்காகப் பின்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே பிணைக்கிற கனத்த இரும்புத் தண்டு ஒன்றை வாங்குவோம். ஸ்வே பார் என்று பெயர். வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, மல்லாந்து படுத்து, நாங்களே மாட்டுவோம். மெக்கானிக்கிடம் கொடுத்தால் மானம் போய்விடும்.

தன் வண்டிக்குப் பின்னால் இழுத்து வரும் டிரெய்லரில் வைத்து அந்தத் தண்டை மலிவாக விற்றவர் ஃப்ளாய்ட். மாட்டிய ஒரு வாரத்தில் அது முனக ஆரம்பிக்கும். முனகலைத் தீர்த்துவைத்தவரும் ஃப்ளாய்ட். இதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "வித்துட்டு ஓடிப்போகாத மனுஷன்யா" என்று பாராட்டிக்கொண்டோம். நானும்தான்.

ஃப்ளாய்டுக்கு நெஞ்சுவரை வெள்ளைத்தாடி. கழுத்தில் டாக்டர்களின் ஸ்டெதாஸ்கோப். அதைக் காரின் பின்பக்கம் வைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவார்.

"இந்த இரும்பு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? மோதி நொறுங்குன வண்டிங்களை உருக்கிச் செஞ்சது. அந்த வண்டிங்கள்ல போனவங்க இன்னும் இறங்கல. உள்ளேயேதான் உட்கார்ந்து அழுவுறாங்க."

கூட்டம் உச்சுக்கொட்டும். கையில் பாதி கடித்த டோனட்டுடன் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க. கண்ணை மூடுங்க. நீங்களும் முனகுங்க, சத்தமா. தனியா இல்லைன்னு அந்த ஆவிக்குத் தெரியணும்."

அறுபது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தீனிக்குக் காத்திருக்கும் மாடுகள் மாதிரி "ம்ம்ம்" என்போம். எல்லாரும் வரி கட்டுகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். பத்து நிமிடம் கழித்து ஃப்ளாய்ட் காருக்கு அடியிலிருந்து 'அமைதித் தைலம்' ஜாடியோடு வெளியே வருவார். காரை அழுத்திப் பார்த்தால் சத்தமே இருக்காது. கட்டணம் நூற்று நாற்பது டாலர். மூன்று மாதத்தில் ஆவி திரும்பி வந்துவிடும். என் ஆவி மூன்று முறை வந்தது. பாசக்கார ஆவி.

இதெல்லாம் போனால் போகட்டும். டாரல் விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

டாரல் என் பக்கத்து வீட்டுக்காரன். அவனும் அவன் அண்ணன் லாயலும் பதினோரு வருடம் பாடுபட்டு ஒரு நீலநிறச் சின்னக் காரைத் துருவிலிருந்து மீட்டெடுத்தார்கள். போன குளிர்காலத்தில் லாயல் மாரடைப்பில் இறந்துபோனார். பின்பக்கம் ஒரு ஸ்வே பார் போட வேண்டும் என்பது அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த ஆசை. வசந்தம் வந்ததும் டாரல் ஃப்ளாய்டிடம் ஒன்று வாங்கினான். நானும் கூடப் படுத்து மாட்டினேன். எட்டாம் நாள் அது முனகியது.

ஃப்ளாய்ட் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இந்தத் தடவை தைலம் எடுக்கவில்லை. டாரலின் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, இது வேற யாரோ இல்லப்பா. உன் அண்ணன். இந்தக் கார் உன் வீட்டுல நிக்கிற வரைக்கும் அவருக்கு விடுதலை கிடையாது. அடுத்த சனிக்கிழமை பத்திரத்தைக் கொண்டாந்து கையெழுத்துப் போட்டு என்கிட்ட விட்டுடு. நான் அனுப்பி வைக்கிறேன்."

இப்படி 'விடுதலை' அடைந்த கார்கள் ஏற்கெனவே ஐந்து. ஆவி எங்கே போனதோ தெரியாது. கார்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய் நல்ல விலைக்கு விற்கப்பட்டன.

லாயலின் மனைவி நோரீன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். டாரல் விஷயத்தைச் சொன்னபோது அவன் வீட்டு கராஜில் நானும் இருந்தேன்.

"லாயல் முனகுறாரா? எதுக்கு?"

"போக மனசில்லாம, நோரீன்."

"இருபத்தாறு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். பல்லு பிடுங்குன அன்னிக்குக்கூட முனகாத மனுஷன். செத்தது என் சமையல்கட்டுல, கையில பான்கேக்கோட. அங்கேருந்து இரும்புக்குள்ள எப்படிப் போனாரு, பஸ் பிடிச்சா?"

"கிண்டல் பண்ணாத, நோரீன்." என்றான் டாரல். "வாசல்ல காரைத் திருப்புறப்போ அந்தச் சத்தம் கேக்குது. அவன் என்னைக் கூப்பிடற மாதிரியே இருக்கு. நான்தான் அவனை அதுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கேனோன்னு நெஞ்சைப் பிசையுது. கொடுத்துடறேன். அவனாவது நிம்மதியாப் போகட்டும்."

நோரீன் கராஜைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "பெட்டி எங்க?" என்றார்.

"எந்தப் பெட்டி?"

"அந்தத் தண்டு வந்த அட்டைப்பெட்டி. நீங்கதான் ஒரு பெட்டியையும் தூக்கிப் போட மாட்டீங்களே."

பெட்டி பரணில் இருந்தது. மாட்டும் முறையை அச்சிட்ட காகிதம், ஆடும் மேஜைக்கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. அங்கே வைத்தவன் நான்தான். அந்தக் காகிதத்தைப் படிப்பது எங்களுக்குள் தோல்வியை ஒப்புக்கொள்வது போல. நோரீன் அதை நீவிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நாலாவது படி. தண்டைப் பிடிக்கும் இரண்டு ரப்பர் வளையங்களின் உட்புறமும், உடன் வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவவும். தடவாவிட்டால் முனகும்." நிமிர்ந்து பார்த்தார். "கிரீஸ்னு போட்டிருக்கு, டாரல். ஆவின்னு எங்கயும் போடல. பாக்கெட் எங்க?"

"அப்படி எதுவும் பெட்டியில வரலையே!"

நோரீன் பெட்டியைத் திருப்பினார். மூடியின்மேல் இரண்டு அடுக்கு டேப். அடியில் இருந்தது அறுக்கப்பட்டிருந்தது. மேலே புதிதாக ஒட்டியிருந்தது. நான் வீட்டுக்கு ஓடி என் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இரண்டு அடுக்கு. மூன்று தடவை கொடுத்த நூற்று நாற்பது டாலர்கள் என் கண்முன்னே வரிசையாக நடந்து போயின.

"இப்பவே கிரீஸ் வாங்கிட்டு வந்து போட்டுடலாம்!" என்றேன்.

"போட்டா இந்த வீட்டோட முடிஞ்சுடும். சனிக்கிழமை வரைக்கும் பொறு, வெர்னான். முனக விரும்புறவங்க முனகட்டும்."

சனிக்கிழமை வந்தது. வரிசையின் முதல் இடத்தில் நோரீனின் பழைய குடும்பக் கார். அடுத்து டாரலின் நீலக் கார். டாரலின் சட்டைப்பையில் பத்திரம். அவனுக்கு இன்னமும் பாதி நம்பிக்கை ஃப்ளாய்ட் பக்கம்தான்.

நோரீன் பவ்வியமாகக் கை கட்டி நின்றார். "பின்னாடி என்னவோ அழுவுற மாதிரி கேக்குதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

காரை அழுத்தினார். 'கீயீ' என்று ஒரு சத்தம். ஃப்ளாய்ட் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பொம்பளை. வயசு நாப்பதுக்குள்ள. மழையில வண்டி வழுக்கிச் செத்தவ. பின் தண்டுலதான் இருக்கா."

"எந்தப் பக்கமுங்க?"

"இடது பக்கம்."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கிற காதும்மா இது. இடது பக்கந்தான்."

நோரீன் பின்கதவைத் திறந்து, இருக்கையின் சுருள்கம்பிக்கு அடியில் கைவிட்டு, அங்கே செருகியிருந்த ரப்பர் கோழி ஒன்றை எடுத்தார். அவர் வீட்டு நாய் கடித்து விளையாடுவது. அமுக்கினார். 'கீயீ' என்றது.

"இந்தக் கார்ல தண்டே கிடையாது. எல்லாரும் குனிஞ்சு பார்க்கலாம்."

குனிந்தோம். அடியில் தண்டு எதுவும் இல்லை.

ஃப்ளாய்ட் ஒரு கணம்தான் தடுமாறினார். "அது… இனிமே மாட்டப்போற தண்டோட ஆவி. முன்கூட்டியே வந்திருக்கு." வரிசையில் இரண்டு பேர் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். எங்கள் ஊரில் ஏமாறுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அவர்கள் நன்றாகப் பயின்றவர்கள்.

"சரி, அடுத்தது டாரல் கார்" என்றார் நோரீன். "இன்னிக்கு யாரும் திரும்ப வேணாம். யாரும் முனக வேணாம். கண்ணைத் திறந்து வெச்சிருந்தாப் போதும்."

"கண்ணு திறந்திருந்தா ஆவி வெளிய வராது!" என்று ஃப்ளாய்ட் கத்தினார்.

"பரவால்லைங்க. கிரீஸ் உள்ள போனாப் போதும்."

டாரல் ஒருமுறை காரை அழுத்திக் காட்டினான். 'ஊஊ' என்று நீளமாக முனகியது. கூட்டத்துக்கு உடல் சிலிர்த்தது. நானும் டாரலும் அடியில் போனோம். நான்கு போல்ட்டு. ஸ்பேனர் திரும்பும் 'கிர்ர் கிர்ர்' சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ஃப்ளாய்ட் எங்களை எதற்கு அத்தனை உரக்க முனகச் சொன்னார் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. கடையில் நாலு டாலருக்கு வாங்கிய கிரீஸைத் தாராளமாகத் தடவி, முடுக்கிவிட்டு வெளியே வந்தோம்.

டாரல் அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். இல்லை.

"அந்த ஆளோட டிரெய்லரைத் திறங்கய்யா!" என்று யாரோ கூவினார்கள். திறந்தோம். உள்ளே ஐஸ் பெட்டியில், சோடாப் புட்டிகளுக்கு அடியில், நூற்றுக்கணக்கில் கிரீஸ் பாக்கெட்டுகள். எல்லாம் எங்கள் பெட்டிகளிலிருந்து எடுத்தவை.

"அதெல்லாம் தைலத்துக்கு மூலப்பொருள்" என்று சொல்லிக்கொண்டே ஃப்ளாய்ட் வண்டியில் ஏறினார். மைதானத்து வாசல் வளைவில் அவர் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடியது. எங்களுக்கெல்லாம் தண்டு விற்றவர் தன் வண்டிக்கு ஒன்று மாட்டவில்லை. ஷெரிஃபின் ஆட்கள் அவரை அடுத்த ஊரில் மடக்கினார்கள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது டாரல் மட்டும் காரின்மேல் கையை வைத்தபடி நின்றான்.

"அவனாவே இருந்திருக்கலாம்னு ஒரு ஓரத்துல தோணுது, நோரீன்."

"எனக்கும்தான்டா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. "ஆனா அந்தச் சத்தம் அவர் இல்ல. இந்தக் கார்தான் அவர் செஞ்சது. பத்திரத்தை மடிச்சு உள்ள வை. நாளைக்குக் கூம்பு ஓட்டத்துல அவர் எடுத்த நேரத்தை நீ முறியடிக்கணும்."

டாரல் முறியடித்தான். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நோரீன் வீட்டு வாசலில் நாற்பது கார்கள் நின்றன. எல்லோர் கையிலும் கடையில் வாங்கிய கிரீஸ் பாக்கெட்.

"உங்க கையால ஒரு தடவை தொட்டுக் கொடுத்துடுங்கம்மா" என்றார் முன்னால் நின்றவர். போன வாரம் தொப்பியைக் கழற்றியவர்தான்.

நோரீன் நாற்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், அந்தக் காகிதத்தை நகலெடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். "நாலாவது படி. எல்லாரும் சத்தமாப் படிங்க."

நாற்பது பேரும் படித்தார்கள். முன்னால் நின்றவர் படிப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒருவர் கண்ணை மூடச் சொல்லுவார். மூடுவதற்கு முன், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.