நோரினுக்குப் பிடித்த சளி

இந்த வருஷம் மனைவியை அழைத்துப் போவதில்லை என்று லோவெல் ஹெக்ஸ்ட்ரம் முடிவு செய்தார். சாதாரண முடிவல்ல. பாதி முகத்தில் சவர நுரையோடு, கண்ணாடியை முறைத்துப் பார்த்து எடுத்த முடிவு. கண்ணாடியில் இருந்தவர் உடனே தலையாட்டினார். அந்த வீட்டில் லோவெல் சொல்வதற்குத் தலையாட்டும் ஒரே ஆள் அவர்தான்.

அயோவாவில் அவர் படித்த கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் அக்டோபர் தோறும் திரும்பி வருவார்கள். பகலில் ஊர்வலமும் பந்தாட்டமும். மாலையில் சங்க வீட்டில் விருந்து. சங்கம் என்றால் மாணவர்களின் சகோதர சங்கம். இளம் வயதில் ஒருமுறை உறுதிமொழி எடுத்துச் சேர்ந்துவிட்டால் சாகிற வரைக்கும் சகோதரன். அவருடைய சங்கத்தின் பெயர் மூன்று கிரேக்க எழுத்துகள்: கை, பை, தீட்டா. நம் காதில் அது கைப்பை என்று விழுந்தால் அதற்கு லோவெல் பொறுப்பில்லை, கிரேக்கர்களைத்தான் கேட்க வேண்டும். கைப்பையாக இருந்தும் பெண்களுக்கு அதில் இடமில்லை. விருந்துக்கு மட்டும் மனைவிகள் வரலாம்.

அங்கேதான் சிக்கல். இந்த வருஷம் விருந்தில் பேச லோவெலைக் கேட்டிருந்தார்கள். "வாழ்நாள் சகோதரன்" என்பது தலைப்பு. பேசினால் மணிக்கூண்டுக் கதையைச் சொல்லாமல் முடியாது. மாணவனாக இருந்தபோது, எதிரிக் கல்லூரியின் கொடியைத் திருடி வந்து, பனிப்புயலில் மணிக்கூண்டு உச்சிக்கு ஏறிக் கட்டிய கதை. ஆரம்பத்தில் அது வெறும் தூறலாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் வளர்ந்து புயலாகிவிட்டது. கூண்டும் கூடவே வளர்ந்தது. சகோதரர்கள் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணிக்கூண்டு இருந்தது. ஒருவன் புளுகும்போது மற்றவன் வாயை மூடிக்கொண்டு ரசிப்பதுதான் சங்கத்தின் அஸ்திவாரம்.

அந்த அஸ்திவாரத்தை அவர் மனைவி நோரின் மதிப்பதில்லை. போன வருஷம் கதை உச்சியைத் தொட்ட நேரத்தில், ஊறுகாய்த் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "ஏறினது டெல்மர். நீ கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, 'இறங்குடா, பயமா இருக்கு'ன்னு அழுதே. பக்கத்துல குடை பிடிச்சது நான்தானே."

அதனால்தான் இந்த முடிவு.

"இந்த வருஷம் மனைவிங்களுக்கு அனுமதி இல்லையாம்," என்றார் லோவெல், கழுத்துப்பட்டையை முடிந்துகொண்டே.

"அப்படியா?"

"ரகசியச் சடங்கு. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்துட்டாங்க."

"யாரு கொண்டுவந்தது?"

"மேலிடம்."

"மேலிடம்னா?"

"ரகசியம்."

"சாப்பாடு உண்டா? இல்லே, அதுவும் ரகசியமா?"

"கிண்டல் பண்ணாதே நோரின். உன்னை விட்டுட்டுப் போறது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?"

"தெரியுதே. அதான் காலையிலேருந்து விசிலடிச்சுக் கஷ்டப்படறியே."

சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. கழுத்துப்பட்டையை நேராக்கிவிட்டு, "நல்லாப் பேசு," என்று வழியனுப்பினாள். கொஞ்சம் மூளையுள்ள மனிதன் அப்போதே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். லோவெல் விசிலடித்துக்கொண்டே காரை எடுத்தார்.

சங்க வீட்டு வாசலில் முதலில் கட்டியணைத்தவன் டெல்மர். மணிக்கூண்டில் நிஜமாகவே ஏறிய அதே டெல்மர். கையில் தடி இருந்தது.

"லோவெல்! உனக்கு நன்றி சொல்லாம ஒரு வாய் சாப்பிட மாட்டேன்டா. இடுப்புல ஆபரேஷன் பண்ணிப் படுத்துக் கிடந்தேனே, வாரம் தவறாம சூப் அனுப்பினியே! பெண்டாட்டி செத்த வீட்ல அடுப்பு எரிஞ்சதே உன்னாலதான்."

லோவெலுக்கு ஒன்றும் புரியவில்லை. டெல்மருக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை. ஆனால் ஏதோ ஒரு காலத்தில் நோரின் பாத்திரமும் கையுமாகக் காரில் ஏறியது ஞாபகம் வந்தது. எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு மிச்சம் இருக்கா என்று மட்டும் கேட்டார்.

"அட, அது ஒண்ணுமில்லைடா," என்றார். நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. காது மட்டும் சுட்டது.

அடுத்து கிளைட் வந்தான். "அப்பா அடக்கத்துக்கு நீ வர முடியலைன்னாலும் நோரினை அனுப்பிவச்சே பாரு. எல்லாரும் போனப்புறமும் நின்னு, அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துட்டுத்தான் போனா. 'லோவெல்தான் உங்கூட இருக்கச் சொன்னான்'னா. எனக்கு அழுகையே வந்துடுச்சுடா."

அன்றைக்கு லோவெல் மீன் பிடிக்கப் போயிருந்தார். ஒரு மீனும் சிக்கவில்லை என்று வந்து நோரினிடம் புலம்பியதும் நினைவுக்கு வந்தது. சட்டைப்பையில் எழுதி வைத்திருந்த பேச்சு கல்லாய்க் கனத்தது.

"ஆமா, நோரின் எங்கே?" என்றாள் கிளைடின் மனைவி.

அப்போதுதான் லோவெல் சுற்றிப் பார்த்தார். கூடம் முழுக்க மனைவிகள். மேலிடத்து விதியை மேலிடமே கேள்விப்படவில்லை.

"சளி," என்றார். "பயங்கர சளி. எழுந்திருக்கவே முடியலை. நானும் வரலைன்னுதான் சொன்னேன். 'சகோதரர்கள் காத்திருப்பாங்க, போ'ன்னு அவதான் தள்ளிவிட்டா."

டெல்மர் தடியைத் தரையில் தட்டினான். "நமக்கெல்லாம் ஓடி வந்தவ தனியாப் படுத்துக் கிடக்கறா. நாம இங்கே தின்னுக்கிட்டிருக்கோம். கிளம்புங்கடா!"

"வேணாம்! ஒட்டுற சளி!"

"ஒட்டட்டும். சகோதரன் வீட்டுச் சளி நமக்கு அந்நியமா?"

"அவ தூங்குவா!"

"தூங்கறப்போ பார்த்துட்டு வந்துடறோம்."

டெல்மர் உள்ளே போய், மூடி போட்ட பெரிய பாத்திரத்தோடு வந்தான். சுடச்சுட கோழி சூப். அது எப்படித் தயாராக இருந்தது என்று யோசிக்கிற நிலையில் லோவெல் இல்லை. கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

பகல் ஊர்வலத்தைவிட இந்த ஊர்வலம் நீளம். முன்னால் லோவெலின் கார். மடியில் சூப்போடு பக்கத்தில் டெல்மர். பின்னால் வரிசையாகக் கை பை தீட்டா. நோரின் இந்நேரம் வாசலில் உதிர்ந்த இலை கூட்டிக்கொண்டிருப்பாள், பாடிக்கொண்டு வேறு இருப்பாள் என்று நினைக்க நினைக்க லோவெலின் கால் பிரேக்கைத் தேடியது.

கதவைத் திறந்தார்கள். சோபாவில் கழுத்துவரை கம்பளி. செக்கச்சிவந்த மூக்கு. மேஜையில் கசங்கிய காகிதக் கைக்குட்டைகள் குன்றாய்க் கிடந்தன.

"அச்ச்!" என்றாள் நோரின். "அடடா, எல்லாரும் வந்துட்டீங்களா? லோவெல், வந்தவங்களுக்குக் காபி போடேன். எனக்குத்தான் எழுந்திருக்கவே முடியலையே."

ஒரு கணம் லோவெல் நிஜமாகவே பதறிப்போனார். தான் சொன்ன பொய் பாதி வழியில் கட்சி மாறி நிஜமாகிவிட்டதோ? நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. நோரின் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள். அவர் சமையலறைக்கு ஓடினார்.

காபிப் பொடி எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து நோரினின் குரல் கேட்டது. "...'இறங்குடா, பயமா இருக்கு'ன்னு ஒரே அழுகை!" வீடே சிரித்தது. டெல்மரின் சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

கோப்பைகளோடு வெளியே வந்தார்.

"பேச்சு பாக்கி இருக்கே!" என்றான் கிளைட். "இங்கேயே பேசுடா."

இடுப்பில் ஏப்ரனோடு லோவெல் காகிதத்தைப் பிரித்தார். முதல் வரி: 'சகோதரன் படுக்கையில் விழுந்தால் அங்கே நான் இருப்பேன்.' எதிரே, தடியில் மோவாயை வைத்து டெல்மர் உட்கார்ந்திருந்தான். வரி வாய்க்கு வரவில்லை. காகிதத்தை மடித்தார்.

"டெல்மர், உனக்கு ஆபரேஷன் ஆனதே எனக்கு இன்னிக்குத்தான்டா தெரியும். சூப் நான் அனுப்பலை. கிளைட், அன்னிக்கு நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். நோரினை நான் அனுப்பலை."

டெல்மர் காபியை ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

"தெரியும்டா," என்றான். "காபியே இந்த லட்சணத்துல போடறவன் சூப் அனுப்பினான்னு நாங்க நம்புவோமா? நன்றி சொன்னா வாங்கிக்கறியான்னு பார்த்தோம். சகோதரன் புளுகறப்போ குறுக்கே பேசக்கூடாதேன்னு சும்மா இருந்தோம்."

அடித்திருந்தால்கூட லோவெலுக்கு அவ்வளவு வலித்திருக்காது. தலையைக் குனிந்தார். நோரின் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி, அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் எழுந்து மூக்கைத் துடைத்தாள். துணியில் உதட்டுச் சாயம்.

"நாங்க வர்றது எப்படித் தெரியும்?"

"நீ கிளம்பினதுமே டெல்மர் போன் பண்ணினான், ரெண்டு பேரும் எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு. நீ மட்டும்தான் வருவேன்னேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு நீ சொன்னா, சூப்போட எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்னு சொன்னா, நீ தனியா இருப்பே, துணைக்கு வந்து தங்கச் சொன்னேன்."

லோவெல் காலிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"நான் உண்மையைச் சொல்லியிருந்தா?"

நோரின் யோசித்துப் பார்த்தாள்.

"அதுக்கு எந்த ஏற்பாடும் பண்ணலை லோவெல். தேவைப்படும்னு எனக்குத் தோணவே இல்லை."