ஒருத்தர்தானா?

முதலில் ஒரு விடுகதை. நாலு கால் உண்டு, நடக்காது. எதிரே இடம் உண்டு, யாரும் உட்கார மாட்டார்கள். வாய்க்கு ஓயாத வேலை உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. அது என்ன?

யோசித்து வையுங்கள். அதற்குள் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தராசு சரிபார்ப்பவன். கடை, கிடங்கு, ஆலை என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ, அங்கெல்லாம் எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு போவேன். கல்லை வைப்பேன். முள்ளைப் பார்ப்பேன். பிழை எவ்வளவு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முத்திரை குத்துவேன். எதையும் எழுதி முத்திரை குத்தாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். மாதத்தில் நாலு நாள் வெளியூர் வேலை. அந்த நாலு நாளும் தனி ஆள்.

"பாவம்" என்பாள் என் மனைவி.

பாவமாவது! விடுகதைக்கு விடையே அதுதான். தனி ஆள் சாப்பிடுகிற மேசை. எதிர் நாற்காலி காலி. உலகத்திலேயே சுகமான இடம் அது.

ஏன் சுகம் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வர வேண்டும். வறுத்த மீன் என் தட்டில் வந்து விழும். "உப்பு சரியா இருக்கா, ஒரு வாய் பார்க்கறேன்" என்று மனைவியின் கை வரும். நடுத்துண்டு போய்விடும். "அப்பா, அந்த மொறுமொறு எனக்கு" என்று எட்டு வயது மகளின் கை வரும். ஓரம் போய்விடும். தொழிலிலும் எனக்கு முள், தட்டிலும் எனக்கு முள்.

ஆகவே வெளியூரில் நான் ராஜா. ஆனால் ராஜா என்பதை வீட்டில் சொல்லிக்கொள்ள முடியுமா? ஊர் திரும்பும்போது தெருமுனையிலேயே தோளைத் தொங்கப் போட்டுக்கொள்வேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"என்னத்தச் சாப்பிட்டேன்... காய்ஞ்ச ரொட்டி. கிண்ணத்தோட அடி தெரியற மாதிரி சூப்."

"அடப் பாவமே! நாலு நாளுமா?"

"மூணாம் நாள் சூப்பும் இல்ல."

அன்று வீட்டில் விருந்து. என் தட்டுக்கு வேறு கை வராது. அது மட்டுமா? பாத்திரம் தேய்ப்பது எங்கள் வீட்டில் என் வேலை. "உடம்பு தேறட்டும்" என்று ஒரு வாரத்துக்கு அதிலிருந்தும் விடுதலை. ஊரில் எல்லாரும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பார்கள். நான் மூன்று அடித்தேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாததா?

புது ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைக்குப் போகவே கூடாது. நல்ல சாப்பாடு கூவாது. விலைப்பட்டியல் ஆறு பக்கம் இருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். ஒரே பக்கம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே தனியாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் கைப்பேசியைப் பார்த்தால் சாப்பாடு மோசம். தட்டைப் பார்த்தால் பிரமாதம். இதற்கெல்லாம் மேல் ஒரு ரகசியம் வைத்திருக்கிறேன். தங்கும் விடுதிக்காரரிடம் வழி கேட்க மாட்டேன். மருந்துக்கடைக்காரரிடம் போய், "எந்தக் கடையில சாப்பிட்டவங்க உங்ககிட்ட வர்றதே இல்ல?" என்று கேட்பேன். அவர் சொல்கிற கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

உள்ளே போனதும், "ஒருத்தர்தானா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். அங்கேதான் பலர் கூனிப் போகிறார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருத்தர்தான். மூலை மேசை" என்பேன். முதுகுக்குச் சுவர், கண்ணுக்குச் சமையலறைக் கதவு. சாப்பிட்டு முடித்ததும் கை அரிக்கும். பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அந்தச் சாப்பாட்டையும், கடையைக் கண்டுபிடித்த வித்தையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திய பிறகுதான் எனக்கு ஏப்பமே வரும்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள்.

"இந்தத் தடவை நாங்களும் வர்றோம்" என்றாள் மனைவி.

"எதுக்கு? வெயில்ல அலையணும்."

"நீங்க மட்டும் காய்ஞ்ச ரொட்டியத் தின்னுட்டு அலையறீங்களே. பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"பழகிடுச்சு."

"பழகக் கூடாதுங்கறேன். கூட ரெண்டு பேர் உட்கார்ந்தா நாலு வாய் இறங்கும்."

அந்த நாலு வாயும் யாருக்குள் இறங்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் ரொட்டி பொய் ஆகிவிடும். சரி என்றேன். ஆனால் அசந்துவிடவில்லை. எனக்கு நல்ல கடைகள் மட்டுமா தெரியும்? மட்டமான கடைகளையும் சோதித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேளை அங்கே சாப்பிட வைத்தால் போதும். அம்மாவும் மகளும் அடுத்த பேருந்திலேயே வீடு திரும்புவார்கள். மூலை மேசை எனக்கே.

மறுநாள் வெளியூரில் காலை வேலை முடிந்தது. மதியம் மூவரும் கடைத்தெருவில் நடந்தோம். நான் பெருமூச்சு விட்டு, ஒரு கடையைக் காட்டினேன்.

"இங்கதான் எப்பவும் சாப்பிடுவேன்."

வாசலில் நின்றவர் இரண்டு கையாலும் எங்களை அழைத்தார். மனைவி நின்றாள். பார்த்தாள். நகர்ந்தாள்.

"வாசல்ல நின்னு கூப்பிடறாங்களே."

"மரியாதைம்மா அது."

"நல்ல சாப்பாடு கூவாதுங்க."

எனக்கு நடை தடுக்கியது. "இத... யாரு சொன்னா?"

"எங்கயோ படிச்சேன்."

பத்துக் கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அவள் விடுவிடுவென்று படியேறினாள். மாத்திரை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, எந்தக் கடையில சாப்பிட்டவங்க உங்ககிட்ட வர்றதே இல்ல?"

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "துணிக்கடைக்கு மேல, மாடியில. போன மாசம் சாரும் இதையேதான் கேட்டாரு. ஒரு வார்த்தை மாறல."

மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாடிக்குப் போனோம். பரிமாறுகிறவர், "மூணு பேரா?" என்றார்.

"ஒருத்தர்தான்" என்றாள் அவள், நெஞ்சை நிமிர்த்தி. "மூலை மேசை. இவரு வேற ஒருத்தர். இவருக்கு அந்தத் தூணுக்குப் பின்னாடி போடுங்க."

முதுகைச் சுவருக்குக் கொடுத்து, சமையலறைக் கதவைப் பார்த்து, என் இடத்தில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நீலக் கிரேயானில் ஒரு பூனை. மகள் வரைந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

"திருப்புங்க."

திருப்பினேன். என் கையெழுத்து. 'சோதித்த பொருள்: வறுத்த மீன், முழுசு. பிழை: இல்லை. குறிப்பு: எதிர் நாற்காலி காலி. பேரானந்தம்.' கீழே முத்திரை, கோணாமல், அழகாக.

பிழையாக எழுதிய படிவங்களை நான் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, வரையட்டும் என்று கட்டாக மகளிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன் கொடுத்த கட்டில் என் சாப்பாட்டுப் படிவங்களும் கலந்து போயிருக்கின்றன. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பூனை, யானை, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் முதுகில் என் சாப்பாடு!

"அதான் போன தடவை விருந்துல உப்பு தூக்கலா இருந்துதா?"

"கண்டுபிடிச்சுட்டீங்களே. பிழை எவ்வளவுன்னு எழுதலையா?"

"இல்லம்மா, அது வந்து..."

"கையெழுத்து உங்களுது. முத்திரை உங்களுது. தராசுக்காரர் வாக்கு, நான் நம்பறேன். ஊருக்குப் போனதும் பாத்திரம் காத்துக்கிட்டு இருக்கும். அடுத்த மாசம் நாலு நாள் நான் தனியா வெளியூர் போறேன். நீங்க சமைங்க. பாப்பாவுக்கு மொறுமொறு ஓரம், மறந்துடாதீங்க."

"தனியாவா? எங்க போய் என்ன சாப்பிடுவே?"

"ஒட்டகத்துப் பின்னாடி ஏழு ஊர் விவரம் இருக்கு."

தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி காலி. ஆனால் அதைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இல்லை. ஒரு ஆளாவது என் பக்கம் இருந்தால் வழக்கை நடத்தலாம். மகள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பாகிட்ட வா. நடுத்துண்டு, ஓரம் எல்லாமே உனக்குத்தான். நான் தொடவே மாட்டேன்."

"அம்மாகிட்ட வந்தா ஐஸ்கிரீம்" என்றாள் மனைவி.

பரிமாறுகிறவர் குனிந்து கேட்டார். "பாப்பா எந்த மேசை?"

மகள் என் மேசையைப் பார்த்தாள். அம்மாவின் மேசையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோர மேசைக்குப் போய், தனியாக உட்கார்ந்தாள்.