நாலுமால் சாரின் பதினெட்டாம் அத்தியாயம்

கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த காதல்களில் பாதியை எழுதியவர் நாலுமால் சார். மீதிப் பாதிக்குக் கல்யாணப் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவரும் அவரே. இந்த இரண்டிலும் சேராத காதல் ஏதாவது கூடலூருக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் நடந்திருந்தால், அது காதலே இல்லை. சும்மா பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னமனூரில் பத்திர ஆபீஸ் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு கடை. தொழில், பத்திரம் எழுதுவது. உயிர், காதல் நாவல் எழுதுவது. அங்கே டைப் அடிக்கிற வேலையில் நான் ஆறு வருஷம் இருந்தேன். காலையில் கிரையப் பத்திரம், சாப்பாட்டுக்கு மேல் காதல். ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர், இரண்டுக்கும் ஒரே நான். சாருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே அலர்ஜி. மவுஸை ஒரு நாளும் தொட்டதில்லை. அவர் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். புனைபெயரைச் சொல்ல மாட்டேன். அது ஒரு பெண் பெயர். சொன்னால் அவர் வீட்டம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

மால் என்றால் எல்லை. நிலப் பத்திரத்தில் கிழக்கே யார் தோட்டம், மேற்கே எந்த வாய்க்கால் என்று நாலு மாலும் எழுதினால்தான் அது நிலம். சார் காதலையும் அப்படித்தான் நினைத்தார். கதாநாயகி முதல்முதலாக வரும் இடத்தில் இப்படி எழுதச் சொல்வார்: 'தார் ரோட்டுக்குக் கிழக்கு, பெரிய வாய்க்காலுக்கு மேற்கு, சோடாக் கடைக்கு வடக்கு, கரண்டு கம்பத்துக்குத் தெற்கு, இதற்கு மத்தியில் அவள் நின்றாள்.'

"சார், அவ அழகா இருந்தாளான்னு ஒரு வார்த்த இல்லியே?"

"மொதல்ல எங்கன நின்னான்னு தெரியணும் தாயி. அழகு எங்க ஓடிப்போகுது?"

ஒரு நாவலில் காதலர்கள் வைகை அணைப் பூங்காவில் சந்திக்க வேண்டியிருந்தது. மனுஷர் விடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிவிட்டார். வெட்கப்படுகிற இரண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் நடுவில் எத்தனை அடி விடுவார்கள் என்று அளக்க ஆரம்பித்தார். காவல்காரர் ஓடி வந்தார்.

"எந்த டிபார்ட்மெண்டு சார்?"

"காதல்."

"அது இங்க நெறயக் கெடக்கு சார். அளக்க ஆளு வந்தது இன்னிக்குத்தான்."

கதாநாயகன் காதலைச் சொல்கிற இடம் இன்னும் விசேஷம். 'இன்று முதல் என் மனதை நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் பின்னிட்டு நானோ என் வாரிசுகளோ எவ்விதத் தாவாவும் செய்வதில்லை.' வாரிசு எதற்கு சார் இப்போதே என்று கேட்டேன். "ஒரு முன்யோசன வேணாமா?" என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். மாத நாவல்கள் படுத்துப்போய், அவர் ஒரு செல்போன் ஆப்பில் தொடர்கதை எழுத வந்த பிறகும் வாசகிகள் உருகிப்போய்த்தான் கிடந்தார்கள். 'இந்த மாதிரி ஒருத்தன் கிடைச்சா போதும் சிஸ்' என்று கீழே எழுதுவார்கள். பெண் பெயரைப் பார்த்து இவரையும் சகோதரி என்றே நினைத்துவிட்டார்கள். 'யூடி எப்போ சிஸ்?' என்று கேட்பார்கள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். 'இன்று முகூர்த்த நாள், பத்திர வேலை அதிகம், பொறுத்தருள்க' என்று சார் பதில் சொல்லச் சொல்வார். பாவம், அந்தச் சகோதரிக்குக் குடும்பத்தில் ஏதோ சொத்துத் தகராறு என்று ஊரெல்லாம் பரிதாபப்பட்டது.

சாருக்கு ஒரு குறை உண்டு. இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுத வராதது போலவே, பேச்சைக் காதால் கேட்காமலும் எழுத வராது. சொந்தமாக ஒரு வசனம்? ம்ஹூம். எல்லாம் கடைக்குக் கல்யாணம் பதிய வருகிற ஜோடிகளிடம் கறந்ததுதான். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றாமல் கேள்வி கேட்பார். ஒரு தடவை உத்தமபாளையத்துப் பையன் ஒருவன் வேர்த்து வடிய நின்றான்.

"சார், சீக்கிரம் எழுதுங்க. இவ மாமன்மாரு மினி லாரில தேடிக்கிட்டுத் திரியுறாக."

"அப்படியா? லாரி என்ன கலரு?"

"சார்!"

"எத்தன பேரு ஏறியிருந்தாக? முன்னாடி உக்காந்தவரு மீசை வச்சவரா?"

அந்தப் பெண் அழுதேவிட்டாள். அவள் அழுதுகொண்டே என்ன சொன்னாள் என்பதையும் மனசில் குறித்துக்கொண்டு, பிறகுதான் மூடியைக் கழற்றினார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு ஆடி மாதம் மக்கர் பண்ணியது. தொடர்கதையின் பதினெட்டாம் அத்தியாயம். கதாநாயகி தன் அப்பாவிடம் காதலைச் சொல்ல வேண்டும். சார் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறார், வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. சிஸ் சிஸ் என்று செல்போன் அலறுகிறது.

"இங்கன வர்ற புள்ளைக எல்லாம் அப்பன்கிட்டச் சொல்லாம வந்ததுக தாயி. சொன்ன புள்ள ஒண்ணுகூட நம்ம கடைக்கு வந்ததில்ல. நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் சொல்லாத பிள்ளைகளில் நானும் ஒருத்தி. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற சாம் என்பவரைப் பார்த்துப் பேசிப் பழகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். நாங்கள் திராட்சைத் தோட்டக்காரர்கள், சாமி கும்பிடுகிறவர்கள். ஆவணி பிறந்ததும் என்னைப் பெண் பார்க்க வேறு இடத்திலிருந்து வருவதாக வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். அப்பா எதிரில் வாயைத் திறந்தால் எனக்கு இருமல்தான் வந்தது. இதெல்லாம் சாருக்குத் தெரியும். கேள்வி கேட்டே பிடுங்கியிருந்தார்.

"நீ சொல்றதா இருந்தா என்ன சொல்லுவ தாயி?" என்று அன்றைக்குப் பத்தாவது தடவையாகக் கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். 'இந்தாங்க' என்று மடமடவென்று அடித்துத் தள்ளினேன்.

'அப்பா, நான் ஒருத்தரப் பாத்து வச்சிருக்கேன். போடில ஏலக்காய்க் கட. வேதக்காரவுக. நீங்க வைவீகன்னு ஒரு வருசமா முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன். திராட்ச வெட்டுக்கு நாள் சொல்ல ஒவ்வொரு தடவையும் என்னையத்தான கூப்புடுவீக? ஒரு பழத்த வாயில போட்டு நாளைக்கு வெட்டலாம்னு நான் சொன்னா மறுநா வெட்டு. யாவாரி சொன்னாக்கூடக் கேக்க மாட்டீக. இதுலயும் நான் சொல்றதக் கேளுங்கப்பா. எனக்கு ஓடிப்போகத் தெரியாம இல்ல. நீங்க இல்லாத கல்யாணம் எனக்கு வேணாம்.'

சார் படித்தார். ஒரு எழுத்து மாற்றவில்லை. "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அத்தியாயத்தை ஏற்றவும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அப்பாவே கடைக்கு வந்தார். எங்கள் தோட்டத்தை ஒட்டி இருந்த பங்காளிப் பெரியப்பாவின் அரை ஏக்கரை வாங்குகிறார். ஆடி கழிந்ததும் பதிவு, அதற்குப் பத்திரம் எழுத வேண்டும். முத்திரைத்தாளில் அடிக்கும் முன் வெள்ளைத்தாளில் ஒரு நகல் எடுத்து, இரண்டு தரப்பையும் படிக்கச் சொல்வது வழக்கம். நான் அடித்து முடித்ததும் சார் என்னை டீ வாங்க அனுப்பினார். நான் தூக்குவாளியோடு திரும்பி வந்தபோது நகல் அப்பா கையில் இருந்தது.

அப்பா பஸ் டிக்கெட்டைக்கூட முழுசாகப் படிக்கிறவர். அதுவும் சத்தம் போட்டு. முதல் பக்கம் ஆயிற்று, இரண்டாம் பக்கம் ஆயிற்று. மூன்றாம் பக்கத்தில், "மேற்படி நான்கு மாலுக்குட்பட்ட திராட்சைத் தோட்டமும், கல்தூண் பந்தலும், அப்பா நான் ஒருத்தரப் பாத்து வச்சிருக்கேன்" என்று படித்துவிட்டு நின்றார்.

"பத்திரத்துல இப்பல்லாம் இதையும் போடுறாகளா?"

"புதுச் சட்டமா இருக்கும், நீ படி" என்றார் பெரியப்பா.

அப்பா படித்தார். ஏலக்காய்க் கடை வந்தது, வேதக்காரவுக வந்தது. திராட்சை வெட்டு வந்ததும் அப்பாவின் சத்தம் குறைந்தது. கடைசி வரியை அவர் வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார்.

சார் எழுந்தார். "மன்னிச்சுக்கங்க. என் நாவல் தாளு கைத்தவறுதலாக் கலந்துபோச்சு."

"நாவல்ல வர்ற அப்பனும் மக ருசி பாத்தாத்தான் திராட்ச வெட்டுவானா?"

சார் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். "அந்த அத்தியாயம் இன்னும் முடியலங்க. அப்பா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியல. பதினஞ்சு நாளா சனங்க கேக்குறாக. நீங்க சொன்னா எழுதிக்கிருவேன்."

நான் செத்தேன் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. சாரிடம்தான் கேட்டார்.

"பையன் பேரு என்ன?"

சார் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார், பெயரை நான் சொன்னேன். அப்பா அந்தத் தாளை மட்டும் உருவி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மிச்சத்தத் திருத்தி அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லை. ஆனால் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போடிக்குப் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் ஒரு பொட்டலம் ஏலக்காயோடு வந்து அம்மாவிடம், "பய நல்லாத்தான் தரம் பிரிக்கிறான்" என்றார்.

பதினெட்டாம் அத்தியாயம் அப்படியே வந்தது. 'இப்படி ஒரு அப்பா எந்த ஊர்ல இருக்காரு சிஸ், கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?' என்று ஒரு வாசகி திட்டியிருந்தாள்.

நாவலைத் திட்டினால் சார் துடைத்துப் போட்டுவிடுவார். அவர் மானமெல்லாம் பத்திரத்தில்தான் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்று பெருமையடிப்பார். பெரியப்பா விஷயத்தைக் கடைத்தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். அதற்கப்புறம் வந்தவனெல்லாம், "சார், நம்ம பத்திரத்துல காதல் கீதல் இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். இரண்டு பழைய கட்சிக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். சார் எல்லாரிடமும், "வயசாகுதுல்ல, தவறிப்போச்சு" என்று ஒரே பதில்தான் சொன்னார். நான் டீ வாங்கப் போன நேரத்தில், ஒற்றை விரலால் தட்டித் தடவி, சரியாகப் பந்தலுக்கும் கமாவுக்கும் பக்கத்தில் அதை ஒட்டி வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் கல்யாணப் பந்தியில் பெரியப்பா அந்தக் கதையை மறுபடி எடுத்தார். சாருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, இவர் பத்திரத்தில் விட்ட தப்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சார் இலையைப் பார்த்தபடி குனிந்திருந்தார். அப்பா சாம்பார் வாளியோடு அங்கே வந்து நின்றார்.

"எது தப்பு? எம் பத்திரத்துல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டு, சார் இலையில் குனிந்து இன்னொரு கரண்டி ஊற்றினார். சார் நிமிரவே இல்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஓடிப்போய் அந்த மனுஷரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.