விசில் அண்ணாச்சி வீட்டுச் சபை

பேச ஆரம்பித்த கலைஞரை நிறுத்தத் தெரிந்தவர் தெற்காசியாவிலேயே ஒருவர்தான். அவர் புனேயில், விஷ்ராந்த்வாடியில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். பெயர் ஏதோ உண்டு. நாங்கள் கூப்பிடுவது விசில் அண்ணாச்சி.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் அவர் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்காருவோம். டாக்கா ஓவியர், காத்மாண்டு புல்லாங்குழல்காரர், மராத்தி நாடகக்காரர், ஒன்றும் தெரியாமல் தலையாட்ட நான். மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. மாதம் ஒருவருக்கு முறை. அவர் ஆரம்பித்ததும் அண்ணாச்சி பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றுவார். மூன்றாவது விசிலில் நிறுத்திவிட வேண்டும். பிறகு சாப்பாடு.

"முப்பது வருசம் ஃபாக்டரி சைரனுக்கு ஓடுனவன் வே நான். டைம்னா டைம்தான்" என்பார்.

டாக்கா ஓவியர் தன் முறை வந்தபோது தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அண்ணாச்சி சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு சங்கத் தலைவர் வந்தார். தன் கலைத்தொண்டைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் எழுதி வந்திருந்தார். ஒன்றாம் வகுப்பில் போட்ட மாறுவேடத்தைத் தாண்டுவதற்குள் மூன்றாவது விசில் வந்துவிட்டது.

"நான் இன்னும் விஷயத்துக்கே வரலையே!" என்று பதறினார்.

"அது பருப்புக்குத் தெரியாதுல்லா ஐயா. கை கழுவுங்க."

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் ஊரின் இன்னொரு கோடியான ஆகுர்டியிலிருந்து தர்ஷினி மிருதங்கத்தோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், கணவருக்குக் கார் ஃபாக்டரியில் வேலை.

"ஃபிளாட்டில சத்தம் எண்டு சனம் சண்டைக்கு வருது அண்ணாச்சி. நாலு வருசமா இதைத் தொடேல்லை. வாற கிழமை தம்பியிட்ட ஊருக்குக் குடுத்துவிடப் போறன். இண்டைக்குத்தான் கடைசி" என்றாள்.

அண்ணாச்சி குக்கரை ஏற்றினார்.

முதலில் அவள் விரல்கள் தயங்கின. ஒரு விசில். கொஞ்சம் சூடு பிடித்தது. இரண்டாவது விசில். அதற்குப் பிறகு அவள் வாசித்தது வேறு வாசிப்பு. நாங்கள் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் மூன்றாவது விசில் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அண்ணாச்சி எழுந்தார். "கேஸ் தீந்துட்டு. பருப்பு வேகல. கீழ போயி வடாபாவ் வாங்கியாறேன்."

நான் உதவுகிற நினைப்பில் உள்ளே போய் அடுப்பைத் திருகிப் பற்ற வைத்தேன். குபுக்கென்று எரிந்தது. அவர் பாய்ந்து வந்து அணைத்தார்.

"சும்மா கெடயும் வே! வெளிய சொல்லிராதீரும். அந்தத் தலைவருக்குத் தெரிஞ்சா மிச்சப் பக்கத்தையும் தூக்கிட்டு வந்துருவாரு."

அதற்குள் தர்ஷினி வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நான் இதைக் குடுத்துவிடப் போறேல்லை. அடுத்த மாசமும் கொண்டு வரட்டோ?"

ஆயிரம் பேச்சை நிறுத்தியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.